எழுதிய வரி திரையில் தெரியும் வரை

ஒரு கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமித்த பிறகு அதன் பலனைப் பிரௌசரில் காண்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அற்பமான சௌகரியப் பிரச்சினையாகத் தோன்றக்கூடும். பிஎச்பி எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. கோப்பைச் சேமித்துப் பக்கத்தைப் புதுப்பித்தால் மாற்றம் கண்முன் நிற்கிறது. ஜாவாவில் வலைச் செயலி எழுதுகிறவர்களோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, இந்த இடைவெளியைக் குறுக்குவதற்கென்றே கருவிமேல் கருவியாகப் படைத்து வந்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று விலைக்கு விற்கப்பட்டு ஒரு ஸ்தாபனத்தையே வாழவைத்தது. இந்த மொழிக்கு மாத்திரம் ஏன் இவ்வளவு பிரயாசை, அதனால் கிட்டியது என்ன, எந்த வழி உள்ளபடியே நன்மை தருவது, எந்த வழி நன்மைபோலத் தோன்றி நிரலரை ஏமாற்றுவது என்பவற்றை இங்கே பரிசீலிக்கலாம்.

சர்வ்லெட் என்னும் ஏற்பாடு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து 1997ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, வலைச் செயலி என்ற தனி வஸ்துவே அதில் கிடையாது. சர்வர் ஒன்று இருந்தது. அதனுள் சர்வ்லெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எந்த முகவரியில் அழைப்பது என்பதை அந்தந்தச் சர்வரின் அமைப்புக் கோப்பில், அந்தந்தச் சர்வருக்கே உரிய முறையில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஒரு சர்வருக்கு எழுதியதை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்வது பெரும் தொல்லையாக இருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காக 1999இல் வந்த சர்வ்லெட் 2.2 வரையறை, வலைச் செயலி என்பதற்கு நிலையான ஓர் உருவத்தைக் கொடுத்தது. கம்பைல் ஆன கிளாஸ்களும் அவற்றுக்கு வேண்டிய ஜார்களும் வெப்-இன்ஃப் என்னும் கோப்புறைக்குள்; அதே கோப்புறையில் செயலியின் அமைப்பை விவரிக்கும் வெப்.எக்ஸ்எம்எல்; எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் வார் என்னும் ஒற்றைக் கோப்பு.

இந்த உருவத்தைப் படைத்தவர்களின் மனத்தில் இருந்த சித்திரம் யாது என்பதைக் கவனித்தால்தான் பின்னால் வந்த தொல்லைகளின் மூலம் விளங்கும். அதே ஆண்டின் ஜே2ஈஈ வரையறை, ஒரு செயலி உருவாகி உபயோகத்துக்கு வருவதற்குள் அதைத் தொடுகிறவர்களைப் பல பாத்திரங்களாகப் பிரித்தது: பகுதிகளை எழுதுகிறவர் ஒருவர், அவற்றைத் தொகுக்கிறவர் ஒருவர், சர்வரில் ஏற்றுகிறவர் ஒருவர், அதற்குப் பிறகு நிர்வகிக்கிறவர் வேறொருவர். வார் கோப்பு என்பது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுவதற்காகக் கட்டப்பட்ட பொட்டலம். பெரிய வங்கியிலோ அரசாங்க இலாகாவிலோ இந்தப் பிரிவினை நியாயமானதே. ஆனால் தன் மேஜைமேல் இருக்கும் கணினியில் எழுதிக்கொண்டே சோதிக்கும் நிரலர் இந்த நான்கு பாத்திரங்களையும் ஒரே நிமிஷத்துக்குள் தாமே ஏற்று நடிக்க வேண்டியிருக்கிறது. பத்திரமாகக் கைமாற்றுவதற்கென்று ஏற்பட்ட சடங்குகளை, எதையும் யாருக்கும் கைமாற்றாத ஒருவர்மீது சுமத்தியதே இந்தத் துறையின் முதற் கோளாறு என்பது என் அபிப்பிராயம். அதன்பின் வந்த உபாயங்களுள் பெரும்பாலானவை, பொட்டலம் கட்டாமலே கட்டியதாகப் பாவனை செய்யும் உபாயங்களே.

சர்வ்லெட் வரையறைக்கு மாதிரிச் சர்வராகச் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது 1999இல் அப்பாச்சி அமைப்புக்குத் தானமாக அளிக்கப்பட்டு டாம்கேட் என்னும் பெயரோடு வெளிவந்தது. தொழில்நுட்ப நூல்களின் அட்டையில் விலங்குப் படம் போடும் ஓரெய்லி பதிப்பகம் தம் சர்வரைப் பற்றியும் ஒருநாள் புத்தகம் போடும், அப்போது அட்டையில் பூனை இருக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. 2003இல் புத்தகமும் வந்தது, அட்டையில் இருந்ததோ பனிச் சிறுத்தை. அந்தச் சர்வரைக் கம்பைல் செய்து கட்டுவதற்காக அவரே எழுதிக்கொண்ட துணைக் கருவிதான் ஆன்ட். அது 2000ஆம் ஆண்டில் தனியாக வெளிவந்து, பல ஆண்டுகள் உலகெங்கும் ஜாவா நிரலர்களின் அன்றாடக் கருவியாக விளங்கியது. ஏற்றும் சர்வரும், ஏற்றுவதற்கு வேண்டியதைக் கட்டும் கருவியும் ஒரே மனிதரின் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை என்பது இந்த விஷயத்தின் சரித்திரத்தில் யோசிக்கத்தக்க செய்தி.

டாம்கேட்டில் செயலியை ஏற்றுவதற்குள்ள வழிகளில் யாவரும் முதலில் அறிவது வெப்ஆப்ஸ் என்னும் கோப்புறை. வார் கோப்பை அதில் போட்டுவிட்டால் போதும்; சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இயல்பாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் பின்னணி வேலை அதைக் கண்டு, விரித்து, ஏற்றிவிடும். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. பெரிய வார் கோப்பு இன்னும் பிரதியாகிக்கொண்டிருக்கையில் சுற்று வந்துவிட்டால், பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று நம்பிச் சர்வர் அதைத் திறக்க முயன்று பிழை காட்டும். ஆகையால் அதே வட்டில் வேறோர் இடத்தில் முழுமையாக எழுதிவிட்டு, பிறகு உள்ளே நகர்த்துவதே பத்திரமான முறை. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. வார் கோப்பு ஒருமுறை விரிக்கப்பட்டால் அதே பெயரில் ஒரு கோப்புறை உண்டாகிறது. பழைய டாம்கேட் பதிப்புகளில், சர்வரை நிறுத்திவைத்திருந்த சமயத்தில் புதிய வார் கோப்பைப் போட்டுத் தொடங்கினால், விரித்த கோப்புறை முன்பே இருப்பதைக் கண்டு சர்வர் அதையே உபயோகித்துக்கொள்ளும். புதிய நிரலை ஏற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு பழைய நிரலின் பிழைகளை மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். பிற்காலப் பதிப்புகள், விரித்த கோப்புறைக்குள் வார் கோப்பின் தேதியைக் குறித்துவைக்கும் சிறு அடையாளக் கோப்பு ஒன்றை எழுதி, தேதி மாறியிருந்தால் மீண்டும் விரிக்கும் ஏற்பாட்டைச் செய்தன. மூன்றாவது விண்டோஸ் கணினிகளுக்கே உரியது: ஓடிக்கொண்டிருக்கும் செயலி திறந்து வைத்திருக்கும் ஜார் கோப்பை அழிக்க அந்த இயங்குதளம் இடம் தராது, ஆகவே பழைய செயலி பாதி நீங்கியும் பாதி நீங்காமலும் திரிசங்கு நிலையில் நிற்கும். டாம்கேட் இதற்கென்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. அதை இயக்கினால் செயலி முழுவதையும் தற்காலிக இடத்துக்குப் பிரதி எடுத்து அங்கிருந்து ஓட்டும், அதனால் தொடக்கமும் தாமதமாகும்.

இவற்றினும் மேலான வழி ஒன்று டாம்கேட்டிலேயே இருந்தும், தொடக்க நிலையினருக்கான பாடங்களில் அது அதிகம் பேசப்படாதது எனக்கு வியப்பளிக்கிறது. சர்வரின் கான்ஃப் கோப்புறைக்குள் கேடலினா, அதனுள் லோக்கல்ஹோஸ்ட் என்று செல்லும் இடத்தில், செயலியின் பெயரில் சிறியதொரு எக்ஸ்எம்எல் கோப்பை வைத்து, நிரலர் வேலை செய்யும் கோப்புறையையே செயலியின் இருப்பிடமாக அதில் சுட்டிவிடலாம். கட்டுவது இல்லை, பிரதி எடுப்பது இல்லை, விரிப்பது இல்லை. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போன்றவற்றை மாற்றினால் உடனே தெரிகிறது. கிளாஸ்களை மாற்றினால் மாத்திரம் செயலியை மறுபடி ஏற்றச் சொன்னால் போதும். செயலியின் முகவரி அந்த எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உள்ளே முகவரி என்று எதை எழுதினாலும் சர்வர் அதைச் சட்டை செய்வதில்லை. வெப்ஆப்ஸுக்கு உள்ளேயே இருக்கும் கோப்புறையை இவ்விதம் சுட்டினால் ஒரே செயலி இருமுறை ஏறி விபரீதங்கள் விளையும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். டாம்கேட்டின் நிரல் இருக்கும் இடமும் அதன் அமைப்புகள் இருக்கும் இடமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பது இதனோடு சேர்த்துக் கவனிக்கத்தக்கது. ஒரே டாம்கேட்டை வைத்துக்கொண்டு செயலிதோறும் தனி அமைப்புக் கோப்புறையும் தனி போர்ட்டும் வைத்துக்கொண்டால், ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தீண்டாது.

மற்றச் சர்வர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்க் ஃப்ளூரி 1999இல் தொடங்கியதும் பிற்காலத்தில் வைல்டுஃபிளை என்று பெயர் மாறியதுமான ஜேபாஸ், கோப்புறையைச் சுற்றிப் பார்க்கும் அதே முறையைப் பின்பற்றியதாயினும், 2011இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அடையாளக் கோப்புகள் என்னும் அழகிய ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தது. விரித்த நிலையிலுள்ள கோப்புறை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதா என்பதைச் சர்வரால் ஊகிக்க முடியாது. ஆகவே அது தானாக ஏற்றுவதில்லை. ஏற்றலாம் என்பதற்கு டூடெப்ளாய் என்ற ஒட்டுடன் ஒரு வெற்றுக் கோப்பை நிரலர் வைக்கிறார். சர்வர் வேலையை முடித்ததும் டெப்ளாய்ட் என்றோ ஃபெயில்ட் என்றோ பதிலுக்கு ஒரு கோப்பை வைக்கிறது. கிளாஸ்ஃபிஷ் சர்வருக்கு ஆட்டோடெப்ளாய் கோப்புறையும் அஸ்அட்மின் என்னும் கட்டளையும் உண்டு. வெப்லாஜிக் தன்னை அபிவிருத்தி நிலை, உற்பத்தி நிலை என இரண்டாகப் பிரித்துக்கொண்டு, முதல் நிலையில் மட்டும் தானாக ஏற்றுவதை அனுமதித்தது.

இனிக் கருவான விஷயத்துக்கு வருவோம். கம்பைல் செய்வதில் காலம் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒற்றை ஜாவாக் கோப்பைக் கம்பைல் செய்ய ஒரு நொடிகூட ஆகாது. உண்மைக் காரணம் ஜாவா இயந்திரம் கிளாஸ்களை அடையாளம் காணும் விதியில் இருக்கிறது. ஒரு கிளாஸ் இன்னது என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெயரும், அதை நினைவகத்துக்குக் கொண்டுவந்த கிளாஸ்லோடரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரு கிளாஸ்லோடர் ஒரு பெயருக்கு ஒரு கிளாஸை ஒருமுறை கொண்டுவந்துவிட்டால், அதே பெயருக்கு வேறொன்றை அதனால் கொண்டுவர முடியாது. தனியொரு கிளாஸை மட்டும் நினைவகத்திலிருந்து நீக்கவும் வழியில்லை. கிளாஸ்லோடர் மறையும்போதுதான் அது கொண்டுவந்த கிளாஸ்கள் யாவும் மறையும். ஆகையினால் ஒரு கிளாஸில் ஒரு வரி மாறினாலும், டாம்கேட் அந்தச் செயலிக்குரிய கிளாஸ்லோடரையே கைவிட்டு, புதியதொன்றைப் படைத்து, எல்லாக் கிளாஸ்களையும் மீண்டும் ஏற்றி, தரவுத்தள இணைப்புகள் முதலியவற்றை மீண்டும் உண்டாக்கி, செயலியை ஆதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மறுபடி ஏற்றுதல் என்று சொல்லப்படுவது உண்மையில் இதுதான். சர்வர் நிற்பதில்லையே தவிர, செயலி ஒருமுறை மரித்துப் பிறக்கிறது.

எச்டிஎம்எல்லோடு ஜாவா நிரலைக் கலந்து எழுதும் ஜேஎஸ்பி பக்கங்கள் மட்டும் ஏன் உடனுக்குடன் மாறின என்பதற்கும் இதே விதி விடையளிக்கிறது. டாம்கேட்டின் ஜாஸ்பர் என்னும் பகுதி ஒவ்வொரு ஜேஎஸ்பி பக்கத்தையும் ஒரு சர்வ்லெட்டாக மாற்றிக் கம்பைல் செய்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கிளாஸ்லோடரின் மூலம் ஏற்றுகிறது. பக்கம் மாறினால் அந்தச் சிறு கிளாஸ்லோடரை மாத்திரம் எறிந்துவிட்டால் போதும். மாற்றம் உண்டா என்று இயல்பாக நான்கு விநாடிக்கு ஒருமுறை சோதிக்கிறது. ஒரு காலத்தில் ஜேஎஸ்பி பக்கங்களுக்குள்ளேயே தரவுத்தளத்தைக் கேட்கும் நிரல், கணக்குப் போடும் நிரல், எல்லாவற்றையும் எழுதிக் குவித்தார்கள் என்று பலர் பழிக்கிறார்கள். அந்தப் பழிக்குரியவர்கள் ஒழுங்கறியாதவர்கள் என்பதைவிட, காத்திருக்க மனமில்லாதவர்கள் என்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது: கிளாஸில் எழுதினால் செயலி முழுவதும் மறுபடி தொடங்க வேண்டும், பக்கத்தில் எழுதினால் உடனே தெரியும். இந்த வேறுபாடு எத்தனையோ செயலிகளின் அமைப்பைக் கெடுத்திருக்கிறது.

மரித்துப் பிறக்கும் செயலி சரியாக மரிக்காவிட்டால் என்ன ஆகும்? பழைய கிளாஸ்லோடரை யாரேனும் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் அது நினைவகத்திலிருந்து நீங்காது. தரவுத்தள டிரைவர் தன்னை ஜாவா இயந்திரத்துக்குப் பொதுவான பட்டியலில் பதிந்துகொண்டு, செயலி நீங்கும்போது பெயரை எடுக்க மறப்பது, செயலி தொடங்கிய த்ரெட் ஒன்று நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டே இருப்பது, சர்வரின் த்ரெட்டில் த்ரெட்லோக்கலாக ஒட்டவைத்த பொருள் அப்படியே தங்கிவிடுவது ஆகிய மூன்றும் இதற்குப் பிரதான காரணங்கள். பொருள் ஒன்று தங்கினால் அதன் கிளாஸ் தங்கும், கிளாஸ் தங்கினால் கிளாஸ்லோடர் தங்கும், கிளாஸ்லோடர் தங்கினால் செயலியின் அத்தனை கிளாஸ்களும் தங்கும். ஜாவாவின் பழைய பதிப்புகள் கிளாஸ் விவரங்களைப் பெர்ம்ஜென் என்னும் அளவிட்ட பகுதியில் வைத்தன. அதன் இயல்பான உச்சவரம்பு பெரும்பாலும் 64 மெகாபைட். சில முறை மறுபடி ஏற்றுவதற்குள் அது நிரம்பி, சர்வர் பிழைகூறி நின்றுவிடும். அந்தக் காலத்து நிரலர்களுக்குப் பெர்ம்ஜென் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். 2010இல் டாம்கேட், செயலி விட்டுச்செல்லும் இத்தகைய எச்சங்களைக் கண்டு பதிவேட்டில் எச்சரிக்கை எழுதவும், இயன்றவற்றைத் தானே துடைக்கவும் தொடங்கியது. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்னையே ஒழித்து, மெட்டாஸ்பேஸ் என்னும் பெயரில் இயங்குதளத்தின் நினைவகத்தை உச்சவரம்பின்றி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நோய் தீர்ந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். தீர்ந்தது அறிகுறியே, கசிவு முன்போலவே இருக்கிறது, தெரிவதற்கு மட்டும் அதிக நேரம் ஆகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு விசித்திரம், ஒரு கிளாஸின் பொருளை அதே கிளாஸாக மாற்ற முடியாது என்று ஜாவா இயந்திரம் தெரிவிக்கும் பிழை. இரண்டு பெயர்களும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். பார்ப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். மறுபடி ஏற்றுவதற்கு முன் படைக்கப்பட்ட பொருள் ஒன்று செயலிக்கு வெளியே எங்கேயோ தங்கியிருந்து, ஏற்றிய பின் புதிய கிளாஸ்லோடரின் கிளாஸோடு மோதுவதே காரணம். டாம்கேட் நெடுங்காலம் இயல்பாகவே, நிற்கும்போது பயனர்களின் செஷன்களைக் கோப்பில் எழுதிவைத்து, தொடங்கும்போது புதிய கிளாஸ்லோடரின் வழியாக மீட்டெடுத்து வந்தது. சோதிப்பவர் மீண்டும் மீண்டும் உள்நுழைய வேண்டியதில்லை. உபகாரமான ஏற்பாடுதான். ஆயினும் நேற்றைய நிரல் படைத்த செஷனோடு இன்றைய நிரல் ஓடும்போது காணும் பிழை, உண்மையான பிழையா, இந்தக் கலப்பினால் விளைந்த மாயையா என்று சொல்வது கடினம்.

கிளாஸ்லோடரைக் கைவிடாமலே கிளாஸை மாற்ற முடியாதா என்ற ஆசை இயற்கையானது. 2002இல் வந்த ஜாவா 1.4, பிழைதேடும் கருவி இணைந்திருக்கும்போது ஓடும் கிளாஸின் மெத்தடுகளின் உட்பகுதியை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. ஹாட்ஸ்வாப் என்பது அதன் பெயர். உட்பகுதியை மட்டுமே மாற்றலாம். புதிய மெத்தடையோ ஃபீல்டையோ சேர்த்தால் முடியாதென்று கை விரித்துவிடும். இந்தக் குறையை நிரப்பியவர்கள் எஸ்தோனியாவின் ஸீரோடர்னரவுண்ட் நிறுவனத்தார். 2007இல் அவர்கள் வெளியிட்டு, பிற்பாடு ஜேரெபெல் என்று பெயர் பெற்ற கருவி, கிளாஸ்கள் ஏறும்போதே அவற்றின் பைட்கோடை மாற்றியமைத்து, மெத்தடுகளும் ஃபீல்டுகளும் சேர்வதைச் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாத்தியமாக்கியது. இலவசமாகக் கிடைக்கும் நிரல்களாலேயே வளர்ந்த ஜாவா உலகில், காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் ஆண்டுதோறும் பணம் கொடுக்க நிறுவனங்கள் முன்வந்தன என்பதிலிருந்தே இந்தத் தொல்லையின் கனத்தை அளந்துகொள்ளலாம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வூர்த்திங்கர் ஜாவா இயந்திரத்தையே திருத்திச் செய்த டிசிஈவிஎம், அதே பயனை இலவசமாக அளித்தது. இன்று ஜெட்பிரெயின்ஸ் வெளியிடும் ஜாவா இயந்திரத்தில் அது இடம்பெற்றிருக்கிறது.

இக்கருவிகளின் சாமர்த்தியத்தை மெச்சாதிருக்க முடியாது. எனினும் ஓர் ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும். கிளாஸ் மாறுகிறது, அந்தக் கிளாஸின் பழைய வடிவம் உண்டாக்கிய பொருள்கள் மாறுவதில்லை. செயலி தொடங்கும்போது ஒரே ஒருமுறை ஓடும் நிரலைத் திருத்தினால், அது மறுபடி ஓடுவதில்லை. புதிதாகச் சேர்த்த ஃபீல்டுக்கு, முன்பே பிறந்த பொருள்களில் உரிய ஆரம்ப மதிப்பு இருப்பதில்லை. இப்படியே சில மணி நேரம் மாற்றிக்கொண்டே போனால், நினைவகத்தில் இருக்கும் செயலி, கோப்புகளில் இருக்கும் நிரலைத் தொடங்கினால் ஒருபோதும் அடைய முடியாத ஒரு நிலையை அடைந்துவிடுகிறது. அங்கே சரியாக ஓடுகிறது என்பதற்கு என்ன மதிப்பு? மறுதொடக்கத்தைத் தவிர்ப்பதைவிட, மறுதொடக்கத்தை மலிவாக்குவதே மேல் என்ற முடிவுக்கு நான் வருவது இதனால்தான். பக்கத்தின் தோற்றத்தைத் திருத்தும்போதும், ஆழமான படிவம் ஒன்றின் ஏழாம் திரையில் நின்று ஒரு நிபந்தனையைச் சரிபார்க்கும்போதும் ஹாட்ஸ்வாப் வரப்பிரசாதம்; நாள் முழுவதும் அதை நம்பியிருப்பது வேறு விஷயம்.

மலிவாக்குவதற்கான முயற்சிகள் இரு திசைகளில் நடந்தன. முதலாவது, எக்லிப்ஸ், நெட்பீன்ஸ், இன்டெலிஜே போன்ற எழுதும் சூழல்கள் ஏற்றும் வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எக்லிப்ஸின் வெப் டூல்ஸ் பகுதி 2005இல் முதற்பதிப்பு கண்டது. அது செயலியைத் தன் பணிவெளிக்குள் ஆழப் புதைந்த ஒரு மறைவான கோப்புறைக்குப் பிரதி எடுத்து அங்கிருந்து டாம்கேட்டை ஓட்டியது. நிரலர் வெப்ஆப்ஸில் தேடினால் செயலி அங்கே இராது. பிரதி பின்தங்கிவிட்டபோது, நிரலில் இருப்பது ஒன்றாகவும் ஓடுவது மற்றொன்றாகவும் ஆகி, யாவற்றையும் துடைத்து மறுபடி வெளியிடு என்பதே ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் வைத்தியமாயிற்று. இன்டெலிஜே, விரித்த கோப்புறையைச் சுட்டும் எக்ஸ்எம்எல் கோப்பைத் தானே எழுதிக்கொண்டு, முன்னர்ச் சொன்ன நல்ல வழியையே திரைக்குப் பின்னால் பின்பற்றுகிறது. மேலும் அது, வளங்களை மட்டும் புதுப்பிக்கவா, கிளாஸ்களையும் சேர்த்தா, செயலியை மறுபடி ஏற்றவா, சர்வரையே மறுபடி தொடங்கவா என்று நான்கு படிகளாகக் கேட்கிறது. எது எவ்வளவு உண்மையான மாற்றம் என்பதை நிரலருக்குக் கற்றுக்கொடுக்கும் கேள்வி அது.

இரண்டாவது திசை, சர்வருக்குள் செயலி என்ற உறவையே தலைகீழாக்கியது. கிரெக் வில்கின்ஸ் 1995இல் தொடங்கிய ஜெட்டி என்னும் சிறிய சர்வர், மற்றொரு நிரலுக்குள் அடங்கி வேலை செய்வதற்கு ஏற்றவாறு ஆரம்பமுதலே அமைந்திருந்தது. மேவன் கருவிக்கு எழுதப்பட்ட அதன் இணைப்பில் ஜெட்டி:ரன் என்று ஒரு கட்டளை கொடுத்தால், வார் கோப்பு எதுவும் கட்டாமல், மூல நிரலின் கோப்புறையிலிருந்தே பக்கங்களையும், கம்பைல் ஆன இடத்திலிருந்தே கிளாஸ்களையும் எடுத்துச் செயலி ஓடத் தொடங்கும். தனியாகச் சர்வர் நிறுவ வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல்நாளே செயலியைக் காணலாம். ஆனால் வார் கோப்பு கட்டப்படவில்லை என்பதால், அதற்குள் எந்த ஜார் இருக்கும், எது இராது என்ற சோதனை நடவாமலே போகிறது. மேவனின் சார்பு வரம்பில் செய்த பிழை, நிஜச் சர்வரில் ஏற்றும் தினத்தில்தான் தலைகாட்டும்.

2009இல் பிரான்ஸிலிருந்து முதற்பதிப்பு கண்ட பிளே ஃபிரேம்வொர்க், சர்வ்லெட் ஏற்பாட்டையே ஒதுக்கிவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்ததும் கம்பைல் செய்து, பிழை இருந்தால் அதையும் பிரௌசரிலேயே காட்டியது. பலருக்கு அது கண்திறப்பாக இருந்தது. ஆயினும் பெரும்பான்மையோரை மாற்றியது 2014 ஏப்ரலில் 1.0 பதிப்பாக வந்த ஸ்பிரிங் பூட். அதில் டாம்கேட்டே ஒரு ஜார் கோப்பாகச் செயலிக்குள் அடங்கிவிடுகிறது. ஊர் ஊராகக் கொட்டகை தேடி அலைந்த நாடகக் குழு, மேடையையும் திரையையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு புறப்பட்டதற்கு இதை ஒப்பிடலாம். மெயின் மெத்தடை ஓட்டினால் சர்வரும் ஓடுகிறது. ஏற்றுதல் என்ற தனிச் செயலே மறைந்துபோகிறது. 2015 இறுதியில் சேர்ந்த டெவ்டூல்ஸ் என்னும் பகுதி, கிளாஸ்லோடரை இரண்டாக்கியது: மாறாத ஜார்கள் ஒன்றில், நிரலர் எழுதும் கிளாஸ்கள் மற்றொன்றில். மாற்றம் நேர்ந்தால் இரண்டாவதை மட்டும் எறிந்துவிட்டுத் தொடங்குகிறது. இது ஹாட்ஸ்வாப் போன்ற ஒட்டுப்போடுதல் அன்று, மெய்யான மறுதொடக்கம்; ஆனால் பாதி விலைக்குக் கிடைப்பது. 2019இல் ரெட்ஹாட் வெளியிட்ட குவார்க்கஸ், கட்டும்போதே செய்யக்கூடிய வேலைகளைத் தொடக்கத்துக்கு விட்டுவைக்காமல் முன்னரே முடித்துவைத்து, அதே தத்துவத்தை மேலும் தூரம் கொண்டுசென்றது. பிரௌசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும் தருணத்தில் மாறியவற்றைக் கம்பைல் செய்து செயலியைத் தொடங்கிவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பின், உள்ளூர்ச் சர்வர் எதற்காக என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. விரைவு ஒன்றே நோக்கமாயின் டாம்கேட்டைத் துறந்துவிடலாம். ஆனால் செயலி இறுதியில் தனியாக நிறுவப்பட்ட ஒரு சர்வரில்தான் ஏறப்போகிறதென்றால், மேஜைமேல் அடக்கிய சர்வரை வைத்து எழுதுவது அபாயத்தை அழைப்பதாகும். ஸ்பிரிங் பூட் செயலியை வார் கோப்பாக்கி வெளிச் சர்வரில் ஏற்றினால், போர்ட்டையும் செயலியின் முகவரியையும் பற்றி அதன் அமைப்புக் கோப்பில் எழுதியவை பயனற்றுப்போகின்றன. அவற்றைத் தீர்மானிப்பது வெளிச் சர்வரே. உள்ளூரில் செயலி மூலமுகவரியில் இருந்து, நிஜத்தில் ஒரு பெயருக்குக் கீழே இருந்தால், சாய்கோட்டில் தொடங்கி எழுதிய இணைப்புகள் யாவும் முறியும். குக்கிகளின் எல்லையும் மாறும். தரவுத்தள இணைப்பை ஜேஎன்டிஐ வழியே சர்வரிடம் கேட்டுப் பெறுவதாக நிரல் இருந்தால், அதை உள்ளூர்ச் சர்வரிலும் அதே பெயரில் வைத்தே தீர வேண்டும்.

பதிப்பு வேறுபாடு இன்னும் கொடியது. ஜாவா ஈஈயை ஆரக்கிள் நிறுவனம் 2017இல் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்க முன்வந்தது. பெயர் ஜகார்த்தா ஈஈ என்று மாறியதோடு, 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களும் ஜகார்த்தா என்று மாறின. இந்த மாற்றத்தை ஏற்ற டாம்கேட் 10இல், பழைய சர்வ்லெட் செயலி ஒன்றைப் போட்டால், சில சமயம் ஏறும்போது எந்தக் கூக்குரலும் எழாது. அந்தச் சர்வ்லெட்டுகளைத் தன்னுடையவை என்று சர்வர் அறிவதே இல்லை, ஆகவே எல்லா முகவரிகளுக்கும் 404 என்று பதில் வரும். புதியவர்கள் பதிவிறக்கப் பக்கத்தில் முதலில் தெரியும் எண்ணை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்பதாம் டாம்கேட்டுக்கு எழுதிய பாடத்தைப் பின்பற்றித் திகைப்பது இன்றும் நடக்கிறது. பழைய செயலிகளை மாற்றி ஏற்றுவதற்கென்றே வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்னும் தனிக் கோப்புறையை டாம்கேட் வைத்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. செயலியை அதன் சூழலோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் டாக்கர் 2013இல் வந்தபின், நிஜச் சர்வரின் அதே பதிப்பை, அதே அமைப்புகளோடு, மேஜைமேல் ஓட்டுவது எளிதாயிற்று. விரித்த கோப்புறையை அதனுள் இணைத்துக்கொண்டால் பொட்டலம் கட்டும் தொல்லையும் இல்லை.

அப்படியே ஆயினும் மறுதொடக்கத்துக்கு அரை நிமிஷம் ஆகிறதே என்பவர்கள், அந்த அரை நிமிஷம் எங்கே போகிறது என்று பதிவேட்டைப் படித்துப் பார்ப்பது நலம். வெறும் டாம்கேட் இன்றைய கணினியில் ஓரிரு விநாடிகளில் எழுந்துவிடும். காலத்தை விழுங்குவது பெரும்பாலும் செயலியே. 2009 டிசம்பரில் வந்த சர்வ்லெட் 3.0, வெப்.எக்ஸ்எம்எல் எழுதாமல், கிளாஸிலேயே எழுதும் குறிப்புகளின் மூலமே சர்வ்லெட்டுகளை அறிவிக்க வழிசெய்தது. சௌகரியம்தான், ஆனால் அதன் பொருட்டுச் சர்வர் ஒவ்வொரு தொடக்கத்திலும் வெப்-இன்ஃபுக்குள் உள்ள ஜார்களையெல்லாம் திறந்து தேட வேண்டியதாயிற்று. நூறு ஜார்கள் இருந்தால் நூறையும் புரட்டுகிறது. டேக் லைப்ரரிகளுக்கான தேடலும் இதே போன்றது. எதுவும் இல்லாத ஜார்களைத் தேடியதாக டாம்கேட் தன் பதிவேட்டில் சொல்லத்தான் செய்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு. கேடலினாவின் அமைப்புக் கோப்பில், தேட வேண்டாத ஜார்களின் பெயர்களை எழுதிவைத்தால் அந்த வேலை மிச்சமாகும். குறிப்புகளை உபயோகிக்காத செயலி, வெப்.எக்ஸ்எம்எல்லில் விவரம் பூர்த்தியானது என்று அறிவித்துவிடலாம். பழைய லினக்ஸ் கணினிகளில் இன்னொரு திருடன் இருந்தான்: செஷன் எண்களுக்கு வேண்டிய தற்செயல் எண்களைத் திரட்டுவதற்காகச் சர்வர் இயங்குதளத்தின் வாசலில் காத்து நிற்கும், சில சமயம் நிமிஷக்கணக்கில். ஜாவாவுக்கு வேறு மூலத்தைச் சுட்டிக்காட்டி அதைத் தவிர்த்தார்கள். 2020இல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னல் அந்தக் காத்திருப்பை ஏறக்குறைய ஒழித்தது.

ஜாவா இயந்திரத்தை ஆக்குவோரும் இப்போது இந்தத் திசையிலேயே உழைக்கிறார்கள். கிளாஸ் விவரங்களை முன்கூட்டியே பதப்படுத்திக் கோப்பில் வைத்து, தொடங்கும்போது நேரே நினைவகத்தில் பொருத்திக்கொள்ளும் சிடிஎஸ் ஏற்பாடு, 2019இல் வந்த ஜாவா 12 முதல், அடிப்படைக் கிளாஸ்களின் அளவில் யாரும் கேளாமலே இயங்குகிறது. 2018இன் ஜாவா 10 முதல் செயலியின் சொந்தக் கிளாஸ்களுக்கும் அத்தகைய கோப்பைத் தயாரிக்கலாம். ஆனால் அது ஜார்களில் நிலைபெற்ற கிளாஸ்களுக்கே ஏற்றது, நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் கிளாஸ்களுக்கு அன்று. அஸூல் நிறுவனம் தொடங்கிவைத்த கிராக் என்னும் திட்டமோ, முழுதும் எழுந்து நிற்கும் ஜாவா இயந்திரத்தை அப்படியே உறையவைத்து, வேண்டும்போது அந்த நிலையிலிருந்து எழுப்புகிறது. உற்பத்திச் சர்வர்களுக்கு அது பெரும் உபகாரம். நிரலரின் மேஜையிலோ, ஒரு வரி மாறிய மாத்திரத்தில் உறையவைத்த பிம்பம் பழையதாகிவிடுகிறது. ஜார்கள் மாறாதவை, நிரலரின் கிளாஸ்கள் மாறுபவை என்று டெவ்டூல்ஸ் செய்த பிரிவினையை, இயந்திரத்தின் அளவிலேயே ஏற்று, முதல் பகுதியை உறைந்த நிலையிலிருந்தும் இரண்டாவதைப் புதிதாகவும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இன்னும் வரவில்லை. வருமானால் அதற்குச் சர்வர்களைப் படைப்போரும் இயந்திரத்தைப் படைப்போரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும்.